கடைசி மூலை முடிச்சு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப் போடுவது அவள் வேலை. வெள்ளைத் துணியில் சதுரமாக ஒரு துண்டு வெட்டி மெஷினில் ஓட்டுவாள். கடைசி மூலையை மட்டும் கையால்தான் தைத்து முடிச்சுப் போடுவாள், வாய்க்குள் ஒரு வேண்டுதலோடு: 'இதுல படுக்கிறவங்க எழுந்து நடந்து போகட்டும், ஆண்டவா.'

"டாக்டருங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுடாதக்கா," என்பான் துவைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவன். எப்போதும் பொங்கிப் பொங்கிப் பேசுவதால் அவனுக்கு நுரை என்றே பேர்.

"சிரிடா, சிரி. நீ வந்து படுக்கிறப்ப தெரியும்."

வந்து படுத்தது அவள் வீட்டுக்காரர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அழைத்துப்போக ஆள் வராத பிள்ளையைத் தெருவில் இறக்கிவிட மனம் வராது அவருக்கு. தாய்க்காரி ஓடிவரும்வரை வேனிலேயே உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருப்பார். வீட்டில் சாப்பாடு ஆறி அவலாய்ப் போயிருக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷருக்குத்தான் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. மூச்சு விடுவதே பெரும்பாடாகிவிட்டது.

ஒரு மத்தியானம் அவர் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினார்கள். அவர் கைக்குக் கீழே ஒரு ஒட்டு. மூலையைத் திருப்பிப் பார்த்தாள். அவள் முடிந்த முடிச்சேதான். சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, அத்தனை நாளில் அன்றைக்குத்தான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

"என்னங்க, இது நான் தச்சதுங்க!"

கண் செருகக் காவலிருந்த நாத்தனாரைத் தொட்டு எழுப்பினாள். "நீ வீட்டுக்குப் போய்ப் படும்மா. இனிமே ஒண்ணும் ஆகாது."

"டாக்டர் ஒண்ணும் சொல்லலையே அண்ணி?"

"டாக்டர் என்ன சொல்றது? ஆண்டவனே சொல்லிட்டான்."

நாத்தனார் போனாள். கீழே வேலை குவிந்து கிடந்தது, அவளும் எழுந்தாள்.

"போகணுமா?" என்றார் அவர்.

"இதோ, கீழதானே இருக்கேன்."

அவர் கட்டைவிரலால் ஒட்டைத் தடவிப் பார்த்தார். "கோணலாத்தான் தச்சிருக்க," என்று சிரித்தார். "சரி, போயிட்டு வா."

நர்ஸ் தேடி வந்தபோது அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். படியேறி ஓடினாள்; அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. அந்த ஒட்டைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தார். நர்ஸ் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

எல்லாரும் வந்து அழுது போனபின் நாத்தனார் கேட்டாள்: "எங்கண்ணன் யாருக்கு என்ன கெடுதல் பண்ணாரு அண்ணி?"

"தெரியலம்மா."

"ஆண்டவனே சொல்லிட்டான்னு நீங்கதானே சொன்னீங்க?"

நாத்தனார் வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. நாத்தனாரோ குழந்தை மாதிரி பதிலுக்குக் காத்திருந்தாள்.

மறுபடி வேலைக்கு வந்தவள் நாலு மூலையையும் மெஷினிலேயே ஓட்டினாள். உதடு அசையவில்லை. நுரையும் அடங்கிப்போயிருந்தான். அவன் எதையோ குவியலுக்கு அடியில் தள்ளுவதை ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"கொடுடா அதை."

"வேணாம்கா. கிழிச்சுத் தரை துடைக்கப் போட்டுடலாம்."

"கொடுன்னா."

அதே விரிப்பு. அவர் இழுத்துப் பிடித்த இடத்தில், ஒட்டை ஒட்டினாற்போல நீளமாகக் கிழிந்திருந்தது. அவள் புதுத்துண்டு வெட்டினாள். மெஷினில் ஓட்டினாள். கடைசி மூலைக்கு வந்ததும் கை தானாக ஊசியை எடுத்தது. 'எழுந்து நடந்து' என்பது வாயில் வரவில்லை.

பிறகு, பக்கத்தில் இருக்கிறவனுக்கே பாதி கேட்கும்படி சொன்னாள்: "இதுல படுக்கிறவங்க பக்கத்துல யாராவது இருக்கட்டும்."

"யாருகிட்டக்கா கேக்குற?" என்றான் நுரை.

"தெரியலடா," என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.