வெள்ளைக் கவுன் ரீல்

1

இந்தக் கதை என்னுடைய அதிகப்பிரசங்கித்தனத்தில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் நீங்களே கண்டுபிடித்து என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பீர்கள்.

1984. தர்மபுரியில் ஒரு கல்லூரியில் ஆங்கில ட்யூட்டராக இருந்தேன். பி.ஏ. வகுப்புக்கு நான்-டீட்டெயில் பாடமாக ஒரு பழைய ஆங்கில நாவலின் சுருக்கம். கடலோரத்தில் ஒரு கல் மாளிகை, அதில் ஒரு பிரபு, அவன் உயிரையே வைத்திருக்கும் ஒரு நோயாளிப் பெண். இரண்டு வருடமாக அதைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். அந்த நாவலை வைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் சித்திரை மாதத்தில் ஊருக்கு வந்தது. ஞாயிறு, திங்கள், செவ்வாய், மூன்று நாளும் காலைக்காட்சி மட்டும். முதல் நாளே போனேன். தியேட்டரில் இருந்த நாற்பது ஐம்பது பேரில் முடிவு தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தக் கர்வம் செய்த வேலைதான் மற்றதெல்லாம்.

கதையின் முதல் வரியாக நான் எழுதியது இது: "மூடுபனி சூழ்ந்த ஒரு காலையில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய தியேட்டர்..."

[நிறுத்திவிட்டேன். சித்திரையில் தர்மபுரியில் ஏது மூடுபனி? வத்தல்மலைக்கு ஏறினால் மார்கழியில் கொஞ்சம் கிடைக்கும். அதைக் கதைக்காகக் கீழே இறக்கிக்கொண்டு வருவது நியாயமில்லை. அன்று புழுதி இருந்தது. புரொஜெக்டர் வெளிச்சத்தில் அந்தப் புழுதி மெதுவாக மிதந்தபோது, பனி மாதிரிதான் இருந்தது.]

2

தகரக் கூரை வெயிலில் படபடக்கும் ஊரில், ஒரு மனிதன் எதற்காக இந்த மாதிரிப் படத்தை உட்கார்ந்து பார்க்கிறான்? மொழி புரியாது. பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. அவ்வளவு பெரிய மாளிகையில் ஒரே ஒரு வேலைக்காரன், யார்தான் பெருக்குகிறார்களோ. கதாநாயகி மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு, போகாதே என்று சொன்ன அறைக்கே நேராகப் போவாள்.

எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். நம் ஊர்ப் படத்துப் பேய்க்கு வேலை இருக்கிறது. கெடுத்தவனைத் தேடிப் பிடிக்க வேண்டும், பழி தீர்ந்ததும் கிளம்பிவிடும். இந்த இங்கிலீஷ் படங்களில் வருகிறவர்களுக்கு அப்படி எந்த வேலையும் இல்லை. வீட்டை விட்டுப் போக மனசு வராமல் சுற்றிக்கொண்டிருப்பார்கள். மாடிப்படியில் ஒரு காலடி, பியானோவில் ஒரு விரல், அவ்வளவுதான். பார்க்கிறவனுக்குப் பாதிதான் பயம். மீதிப் பாதி, வந்துவிடாதா என்ற ஆசை. அந்த ஆசையைப் புத்தகத்தில் நாலு பக்கத்துக்கு எழுதியிருப்பார்கள். படத்தில் ஒரு கதவைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவையே பார்க்கிறோம்.

(இதை அன்றைக்கு வகுப்பில் சொல்லியிருந்தால் பையன்கள் தூங்காமல் விழித்திருப்பார்கள். ஆனால் அப்போது எனக்கே தெரியாது. சவரிமுத்துவைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அவர் யார் என்று கேட்காதீர்கள், வருகிறார்.)

3

ஆபரேட்டர் நூர் பாஷா இருபது வருடமாக அந்தத் தியேட்டரின் புரொஜெக்டர் ரூமில்தான் இருந்தார். வேறு வேலை தெரியாது.

படப்பெட்டி வந்ததும் ரீல்களை வரிசையாக அடுக்க வேண்டும். பல ஊர் சுற்றிய பிரிண்ட்டில் ரீலின் நுனி அறுந்து அறுந்து, ஒட்டி ஒட்டி, எண்ணே இருக்காது. தமிழ்ப் படம் என்றால் அவருக்குக் கவலையில்லை, பாட்டை வைத்து அடுக்கிவிடுவார். சந்தோஷப் பாட்டு முன்னால், அதே பாட்டு சோகமாக வந்தால் பின்னால். இந்த இங்கிலீஷ் படத்தில் ஏழு ரீல், ஒரு பாட்டுகூட இல்லை.

முதல் நாலு ரீலுக்கும் கடைசி ரீலுக்கும் எப்படியோ எண் தப்பிப் பிழைத்திருந்தது. நடுவில் இரண்டு ரீல்தான் சிக்கல். நூர் பாஷா ஃபிலிமை பல்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒன்றில், கறுப்பு உடுப்புக்காரர்கள் அந்தப் பெண்ணைச் சவப்பெட்டியில் வைத்து மூடுகிறார்கள். இன்னொன்றில், அதே பெண் வெள்ளைக் கவுனில் கதவைத் திறந்து உள்ளே வருகிறாள். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வெள்ளை உடுத்திக்கொண்டு வந்தால் பேய். செத்த பிறகுதானே பேயாக வர முடியும்? சவப்பெட்டி ரீலை முன்னால் வைத்தார், வெள்ளைக் கவுன் ரீலைப் பின்னால் வைத்தார். இருபது வருடம் தமிழ்ப் படம் ஓட்டிய யாரும் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

(நூர் பாஷா மனசுக்குள் நினைத்தது எனக்கு எப்படித் தெரியும்? பாதி அவர் சொன்னது. மீதி நான் போட்டுக்கொண்டது.)

உண்மையில் அந்த வெள்ளைக் கவுன் அவள் நோய் குணமாகித் திரும்பி வரும் நாளின் கவுன். அது ஐந்தாவது ரீல். சவப்பெட்டி ஆறு. ஏழில், பிரபு தனியாக உட்கார்ந்து மாடிப்படியைப் பார்த்துச் சிரிக்கிறான், படம் முடிகிறது. புத்தகப்படி அவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. நூர் பாஷாவின் வரிசைப்படி, அவள் மாடியில் இருக்கிறாள்.

4

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கவுன் ரீல் ஓடியபோது தியேட்டர் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. அவள் வந்தாள், ரொட்டி தின்றாள், பிரபுவின் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள். நான் மட்டும் சத்தமாகச் சிரித்தேன். படம் முடிந்ததும் மேனேஜர் முனிராஜிடம் சொல்லிவிட்டு, அது போதாதென்று ஆபரேட்டர் ரூமுக்கும் படியேறினேன்.

"பாய், அஞ்சும் ஆறும் மாறிப்போச்சு. அந்தப் பொண்ணு திரும்பி வர்றதில்லை."

நூர் பாஷா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அப்ப செத்தது செத்ததுதானுங்களா சார்?"

"புத்தகத்தில் அப்படித்தான்."

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் ஒருவர் வந்து நின்றார். சவரிமுத்து. பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். காலைப் பூசை முடிந்து நேராகப் படத்துக்கு வந்தவர், வெள்ளைச் சட்டையின் கைமடிப்பில் மட்டும் பச்சைப் பெயிண்ட்.

"நாளைக்கும் நாளான்னைக்கும் இதேதான் ஓடுதுங்களா பாய்?"

"இதேதாங்க."

"இப்புடியேதானுங்களே? ஏன் கேக்கறன்னா, எங்க அத்தையக் கம்பைநல்லூர்ல இருந்து கூட்டியாரணும். என் வூட்டுக்காரம்மா ரோசம்மா தவறி நாலு மாசம் ஆச்சுங்க. அவளப் பெத்த அத்தை அன்னைக்கி மூடுன வாயி. அழுவவும் இல்ல, ஒரு பேச்சும் இல்ல. சோறு வெச்சா தட்டப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்குதுங்க." தரையைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க. ஆனா பொட்டில வெச்சு மூடுனாங்க, அப்பறமா கதவத் தொறந்துக்கிட்டு வந்துச்சு. அத எங்க அத்தை பாக்கட்டுங்க. செவ்வாக்கெழம கூட்டியாரேன்."

நான் வாயைத் திறந்தேன். நூர் பாஷா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

சவரிமுத்து இறங்கிப் போகவும் முனிராஜ் ஏறி வரவும் சரியாக இருந்தது. அவர் கத்தவில்லை. "பொட்டி அனுப்புன கம்பெனிக்குத் தெரிஞ்சா என் மானம் போவும் பாய். செவ்வாக்கெழம நானே கடைசி வரிசையில உக்காந்து பாக்கறேன். மறுக்கா மாறுச்சுன்னா, நான் வேற ஆளப் பாத்துக்குவேன்."

திங்கட்கிழமை நூர் பாஷா படத்தைச் சரியான வரிசையில் ஓட்டினார். சவப்பெட்டி ரீலிலேயே பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். இருபது வருடத்தில் முதல் தடவையாக அவர் ரூம் சுவரில் இருந்த சின்ன ஓட்டை வழியே ஒரு படத்தைக் கடைசிவரை பார்த்தாராம். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவர், மனைவி ஷரீபுன்னிசாவிடம் ஒரு காரணமும் இல்லாமல் இரண்டு தடவை, "சாப்ட்டியா?" என்று கேட்டாராம்.

6

[எண் தவறவில்லை. அடுத்து வருவதுதான் ஐந்து. நடந்தது ஐந்து முதலில், ஆறு பிறகு. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.]

செவ்வாய்க்கிழமை காலைக்காட்சி முடியும் நேரத்தில் நான் எதிர் டீக்கடையில் நின்றிருந்தேன். உள்ளே உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. ஒன்றரை மணிக்குக் கதவைத் திறந்தார்கள். இருட்டிலிருந்து வெளியே வந்தவர்கள் எல்லாரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர்களைப் போல நின்றார்கள்.

சவரிமுத்துவும் அவருடைய அத்தை இன்னாசியம்மாளும் கடைசியாக வந்தார்கள். அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டிருந்தது. அவர் ஏதோ சொல்ல, சவரிமுத்து தலையாட்டினார். இருவரும் டீக்கடைக்கே வந்தார்கள். அந்த அம்மா ஒரு பன் வாங்கி, டீயில் முக்கி, முழுதையும் தின்றார். இரண்டு முழ தூரத்தில் நின்றுகொண்டு, எந்த ரீல் முன்னால் வந்தது என்று நான் கேட்கவில்லை. முனிராஜ் பின்னால் வந்தார். அவர் முகத்தில் எதையும் படிக்க முடியாது.

ஜூனில் எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அதற்குள் ஒரு நாள் படியேறிப் போய் நூர் பாஷாவைக் கேட்டிருக்கலாம். போகவில்லை.

5

அதே செவ்வாய்க்கிழமை, படம் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு.

நான் ஆபரேட்டர் ரூமில் இருந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் புரொஜெக்டரில் எரியும் கார்பன் புகை வாசனையைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். மேசைமேல் ஐந்தாவது ரீல் டப்பாவும் ஆறாவது ரீல் டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில். ஓட்டை வழியே பார்த்தால், கடைசி வரிசையில் முனிராஜின் வழுக்கை.

படியில் காலடி கேட்டது. மெதுவாக, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. (பாருங்கள், இதைத்தான் சொன்னேன். வருவது யார் என்று தெரிந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.)

இன்னாசியம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெலிந்த உடம்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. பின்னால் சவரிமுத்து. "படம் காட்டுறவரப் பாக்கணும்ன்னு கையக் காட்டுச்சுங்க, அதான்..."

அந்த அம்மா எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு, நாலு மாசமாகப் பேசாத தொண்டையிலிருந்து, கரகரவென்று வந்தது.

"அந்தப் புள்ள நெசமா திரும்பி வருதா தம்பி?"

சவரிமுத்து சுவரில் சாய்ந்துவிட்டார். நூர் பாஷா நூலை விரலில் சுற்றுவதுபோல் ஒரு துண்டு ஃபிலிமைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"வருதுங்க ஆத்தா."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "சார் காலேஜ்ல இந்தப் புத்தகந்தான் நடத்துறாருங்க. புத்தகத்துலயும் அப்புடித்தானுங்களே சார்?"

இரண்டு வருடம் அந்த முடிவுக்கு நோட்ஸ் கொடுத்தவன் நான். "ஆமாங்கம்மா," என்றேன். "வந்துடுது."

அந்த அம்மா சிரித்தார். பல் தெரியச் சிரித்து, இறங்கிப் போனார். மணி அடித்தது. நானும் இறங்கி டீக்கடைக்குப் போய்விட்டேன்.

7

இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: நூர் பாஷா சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். வெள்ளைக் கவுன் சவப்பெட்டிக்குப் பிறகு வந்தது. இருபது வருட வேலை அன்றோடு போனது. அல்லது முனிராஜ் ஃபேனுக்குக் கீழே மூன்றாவது ரீலிலேயே தூங்கிவிட்டார். [இது எனக்குப் பிடித்திருக்கிறது, அதனாலேயே நம்ப முடியவில்லை.]

இரண்டு: அவர் சரியாக ஓட்டினார். இன்னாசியம்மாள் அந்தப் பெண் சிரித்துக்கொண்டு உள்ளே வருவதைப் பார்த்தார், பிறகு பெட்டியை மூடுவதைப் பார்த்தார். நாலு மாசமாக அடைத்திருந்த அழுகையை அந்த இருட்டில் அழுது முடித்தார்.

இரண்டிலும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வருகிறார். இரண்டிலும் பன் தின்கிறார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது, கதைக்காகச் சொல்லவில்லை, சத்தியமாகத் தெரியாது. என் ஆறையும் ஐந்தையும் எந்த வரிசையில் வைத்தேன் என்று பார்த்தீர்கள். அந்தச் சிரிப்பைக் கடைசியில் வைக்க எனக்கு ஆசை, வேறொன்றுமில்லை. நூர் பாஷாவைப் போல எனக்கு வேலை போகிற பயமும் இல்லை.

ஒரு ரீல் முடிவதற்கு முன்னால் திரையின் மேல் மூலையில் ஒரு புள்ளி விழும். ஆபரேட்டருக்காக வைத்த புள்ளி, அடுத்த ரீலைத் தயாராக வை என்று அர்த்தம். நாலாவது ரீலில் இப்போது அது விழுந்துவிட்டது. கீழே கடைசி வரிசையில் முனிராஜ் இருக்கிறார். முன் வரிசையில் இன்னாசியம்மாள் திரையில் தெரியும் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நூர் பாஷா மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல், கையை மட்டும் பின்னால் நீட்டுகிறார்.

ரூமில் வேறு யாரும் இல்லை. டப்பாவை நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.