மூன்றாவது வரி முடிவில்

ராட்னி பெக்வித் முப்பது வருடம் ராக் குழுவில் கிட்டார் வாசித்தவன். பாடகன் நெவிலோடு சண்டை போட்டுப் பிரிந்து பதினோரு வருடமாகிறது. அறுபத்தெட்டு வயதில் இப்போது தனி ஆல்பம் போடுகிறான். பாட்டே கிடையாது, கிட்டார் மட்டும்.

"அவன் வாடையே இல்லாம ஒண்ணாவது போட்டுட்டுத்தான் சாவேன், மாவிஸ்," என்றான் முதல் நாளே.

ஒலிப்பதிவு செய்பவள் நான். ஷெஃபீல்டில் இந்த அறையை வைத்துக்கொண்டு எத்தனையோ பேரின் வீறாப்பைக் கேட்டாகிவிட்டது. சரிதான் என்று தேநீர் போட்டேன்.

நான்கு நாளாகியும் ஒரு மெட்டுகூடத் தேறவில்லை. காதில் தாளம் தட்டும் கருவியோடு ஒழுங்காகத்தான் ஓடுவான். மூன்றாவது வரி முடிவில் மட்டும் துளி நிற்பான். தாளம் முன்னால் போய்விடும்.

"மிஷின் கோளாறு."

"மிஷினுக்கு என்னய்யா வந்துச்சு? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

எனக்கோ மண்டை குடைந்தது. வயதானால் கை எங்கே வேண்டுமானாலும் தடுமாறும். அதென்ன, எண்ணி வைத்ததுபோல் மூன்றாவது வரியில்? வியாழனன்று அவன் சாப்பிடப் போன நேரத்தில் குழுவின் பழைய கச்சேரி நாடாக்களைப் போட்டுக் கேட்டேன். இரண்டாவது பாட்டிலேயே பிடிபட்டது. நெவிலுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு, ஊரறிந்த விஷயம். மூன்று வரி பாடினால் நின்று மூச்சு வாங்கியாக வேண்டும். அதற்காக மொத்தக் குழுவும் துளி காத்திருக்கிறது.

ராட்னி வந்ததும் போட்டுக் காட்டினேன். முகம் சிவந்துவிட்டது.

"நான் நிக்கிற இடத்தை வெட்டி எடு, எல்லாத்தையும்."

கணினியில் ஐந்து நிமிட வேலை. வெட்டி ஒட்டினேன். மெட்டு பிசிறில்லாமல் ஓடியது.

"யாருடி இது வாசிக்கிறது?"

"நீதான்."

"நானில்ல."

எனக்கும் அப்படித்தான் பட்டது. பாவமாக இருந்தது. சண்டை போட்டது வாய்தான், விரல்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

வெட்டியதைப் பழையபடி ஆக்கச் சொல்லிவிட்டு, ஃபோனோடு வாசலுக்குப் போனான். அவன் கதவைச் சாத்தவில்லை, நானும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

"நெவிலு, நான்தான்டா. வச்சிராத... ரெக்கார்டு ஒண்ணு பண்றேன். இல்ல, நீ பாட வேணாம், பாட்டே இல்ல. தனி ஆல்பம்டா, என் பேரு மட்டும்தான் வரும்." குரல் இறங்கிவிட்டது. "நீ சும்மா வந்து எதிர்ல நின்னு மூச்சு வாங்கு, போதும். மறுபடி எப்ப ஆரம்பிக்கிறதுன்னு எனக்குத் தெரிய மாட்டேங்குதுடா."