செம்போத்து சூப்பு

உலகத்தில் குயில் குடும்பத்துப் பறவைகள் ஏறக்குறைய நூற்றைம்பது வகை. கூவுகிற கருங்குயில் ஒன்றுதான் குயில் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஊரில், வாழைத்தோட்டத்துக்குள் கோழி மாதிரி நடந்து திரிகிற செம்போத்தும் குயில் சாதிதான் என்று சொன்னால் சிரிப்பார்கள். கலைச்செல்வி அந்தச் சிரிப்பை வாங்கிப் பழகியவள். திருநெல்வேலியில் ஒரு சின்ன அறக்கட்டளையில் அவளுக்கு வேலை. தாமிரபரணிக் கரையோரத்துப் பள்ளிக்கூடங்களில் மாட்டுவதற்குப் பறவைகளைப் பற்றித் தமிழில் தகவல் தட்டிகள் எழுதிக் கொடுப்பாள். அந்த வருடம் குயில் குடும்பத்துக்கான தட்டி.

எழுதியதை வீட்டில் மாமியாரிடம் வாசித்துக் காட்டுவாள். முப்பிடாதிக்குப் புரிந்துவிட்டால் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் புரியும் என்பது அவள் கணக்கு. பிலிப்பைன்ஸில் மிண்டோரோ என்று ஒரு தீவு. அங்கே கறுப்புத் தலையோடு ஒரு செம்போத்து உண்டு. காட்டை வெட்டி வெட்டி, உலகம் முழுக்கத் தேடினாலும் இருநூற்றைம்பது தேறாது என்கிறார்கள். அதை வாசித்தபோது முப்பிடாதி உச்சுக்கொட்டினாள். அடுத்தது நம்மூர்ச் செம்போத்து. அதன் பெயருக்கு நேரே உலக எண்ணிக்கை என்ற இடத்தில் 'கணக்கிடப்படவில்லை' என்றும், நிலை என்ற இடத்தில் 'கவலை குறைந்த இனம்' என்றும் எழுதியிருந்தாள்.

"அப்ப நம்ம ஊருப் பறவைக்கு ஒரு கொறையும் இல்லேங்கியா" என்றாள் முப்பிடாதி.

"உலகத்துல நெறைய இருக்காம் அத்தை. அதனால பயப்பட வேண்டாமாம்."

நிறைய இருக்கிறது என்று ஒருமுறை சொல்லியாகிவிட்டால் பிறகு யாரும் எண்ணுவதில்லை. கல் உடைக்கிற கிரஷரில் தூசி தின்கிற ஆட்களையும் அப்படித்தான் எவரும் எண்ணவில்லை. அவர்களும் நிறைய இருக்கிறார்கள் அல்லவா.

கலைச்செல்வியின் கணவன் இசக்கிமுருகன் அப்படி ஒரு ஆள். ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில், தென்கால் வாய்க்காலை ஒட்டி வீடு. வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சி வாழ முடியாது என்று திருநெல்வேலிக்கு மேற்கே ஒரு கிரஷரில் போய்ச் சேர்ந்தான். பத்து வருடத்துக்கு மேல் வேலை. மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று யாரோ ஒரு மகாராசன் சொன்னதை எல்லோரும் நம்பியிருந்தார்கள். இருமல் வந்தது, பிறகு மூச்சு வாங்கியது, பிறகு படுத்தால் தூங்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தான். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா கலைச்செல்வியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். நெஞ்சுக்குள் தழும்பு கட்டிவிட்டது, அது திரும்பாது, இருக்கிற வரைக்கும் மூச்சு விடுவதைக் கொஞ்சம் சுலபமாக்கலாம். கலைச்செல்வி அதை மாமியாரிடம் பாதிதான் சொன்னாள்.

பாதி தெரிந்தவளுக்கு நம்பிக்கை முழுதாக இருந்தது. ஒருநாள் காலையில் முப்பிடாதி கேட்டுவிட்டாள்.

"ஏட்டி செல்வி, நெஞ்சுச் சளிக்குச் செம்போத்துக் கறி குடுத்தா நிக்கும்பாவ. பிச்சைக்கண்ணுட்ட சொல்லி வச்சிருக்கேன். கண்ணி வச்சுப் புடிச்சுத் தருவான்."

"அத்தை, அதைப் புடிக்கக் கூடாது. வனத்துறைக்காரங்க கேஸ் போடுவாங்க. இது சளியும் இல்ல."

"உலகத்துல நெறையக் கெடக்குன்னு நீதானே வாசிச்ச? ஒண்ணு போனா கொறைஞ்சா போவும்? எனக்கு இருக்கது ஒரு புள்ள."

உலகத்தில் நிறைய இருப்பது உண்மை. ஆனால் போன வருடம் பொக்லைன் வந்து வாய்க்காலின் இரண்டு கரையையும் வழித்தெடுத்ததில் தாழம்புதர் எல்லாம் போய், ஊர் எல்லைக்குள் மிஞ்சியிருந்தது கோயிலுக்குப் பின்னால் ஒரே ஒரு புதர்தான். அதில் ஒரு சோடி. மதகுக்கு அந்தப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் இன்னும் சில. அவ்வளவுதான். இதையெல்லாம் சொன்னால், அந்தச் சில போதுமே என்பாள் முப்பிடாதி.

ஆனாலும் ஒன்று இருந்தது. வெளியே கிளம்பும்போது எதிரே செம்போத்து வந்தால் கும்பிட்டுவிட்டுப் போகிறவள் அவள். போன காரியம் ஜெயம் என்று அர்த்தம். மகனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்றும் அது குறுக்கே நடந்துபோனதாகச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். அதனால் அந்தப் பறவையை அறுப்பதைப் பார்க்க அவளுக்குத் திராணி இல்லை.

"எங் கண்ணுல காட்டாத தாயி. அங்கனயே உரிச்சுக் கறியாக் கொண்டா. நீயே அடுப்புல வையி. நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்."

கலைச்செல்வி சரி என்றாள். சரி என்று சொல்லிவிட்டுப் பிச்சைக்கண்ணு வீட்டுக்குப் போய், பிடிக்க வேண்டாம், காடை வாங்கிச் சமைத்துக்கொள்கிறேன், அத்தை கேட்டால் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள். அங்கிருந்து ஸ்ரீவைகுண்டத்துக்கு பஸ் ஏறி, கறிக்கடையில் இரண்டு காடை வாங்கினாள். கடைக்காரன் உரித்துத் துண்டுபோட்டுக் கொடுத்தான். மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டு, நல்லெண்ணெய் ஊற்றிக் கறுக்க வேகவைத்தாள். முப்பிடாதி சொன்னபடியே கொல்லைப்பக்கம் போய்த் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. இசக்கியம்மனிடமோ, அந்தப் பறவையிடமேயோ, மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

இசக்கிமுருகன் ஒரு வாய் குடித்தான். கறித்துண்டை மென்றான். வேலைக்குப் போன காலத்தில் சம்பள நாளில் காடை வறுவல் தின்னாமல் வீடு திரும்பாதவன் அவன். அவனைப் போய் ஏமாற்ற முடியுமா?

"ஏட்டி, இது காடைல்லா?" என்றான் பைய.

கலைச்செல்வி தலையை ஆட்டினாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கவே நேரமாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"அம்மைட்ட சொல்லிராத. ஏதோ செஞ்சோம்னு அவளுக்கு ஒரு நெறைவு கெடக்கட்டும். எப்பவும் சொல்லாத, என்ன?"

"சொல்லல."

அவன் கிண்ணத்தைக் காலிசெய்துவிட்டு, "எம்மா, நல்லா இருக்கும்மா" என்று கொல்லைப்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தான். முப்பிடாதி அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

விதி அத்தோடு விட்டிருக்கலாம். அதே வாரம்தான் டாக்டரம்மா மாத்திரையை மாற்றியிருந்தாள். மூச்சுக் காற்று கொடுக்கிற மிஷின் ஒன்றை அறக்கட்டளைக்காரர்கள் வாங்கி வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். இசக்கிமுருகனுக்குச் சோறு இறங்கியது. படுத்துத் தூங்கினான். ஒரு சாயங்காலம் எழுந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாய்க்காலில் குளித்துவிட்டுப் போகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தான். முப்பிடாதிக்குத் தலைகால் புரியவில்லை. மாத்திரையை யார் பார்த்தார்கள்? சூப்பை அல்லவா பார்த்தார்கள்.

ரேஷன் கடையில் சொன்னாள், கோயிலில் சொன்னாள், குளிக்கிற படித்துறையில் சொன்னாள். அவளிடம் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. தன் வீட்டில் விளக்கு எரிந்தால் அடுத்த வீட்டிலும் எரியட்டும் என்று நினைக்கிற மனுஷி. அதே கிரஷருக்கு அந்த ஊரிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் எத்தனையோ பேர் போயிருந்தார்கள். வீட்டுக்கு வீடு இருமல். ஒவ்வொரு வீட்டிலும் முப்பிடாதி நின்று, எவ்வளவு மிளகு, எவ்வளவு பூண்டு என்று சொல்லிக்கொடுத்தாள்.

கலைச்செல்விக்கு இது தாமதமாகத்தான் தெரிந்தது. விடியற்காலையில் வாய்க்கால் கரையில் நின்றால் 'ஊப் ஊப் ஊப்' என்று புதருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும். மதகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொன்று பதில் சொல்லும். பதில் சொல்வது நின்றுபோனது. கொடிக்காலுக்குப் போய்ப் பார்த்தாள். வரப்பில் செம்பழுப்புச் சிறகுகள் கிடந்தன. நேரே பிச்சைக்கண்ணு வீட்டுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, அன்னிக்கு நான் வாங்கினது காடைன்னு உங்களுக்குத் தெரியும்லா?"

பிச்சைக்கண்ணு கண்ணிக் கயிற்றைத் திரித்துக்கொண்டே, அவளை நிமிர்ந்து பார்க்காமல் பேசினான்.

"தெரியும் தாயி. நான் சொன்னா எவன் நம்புதான்? உங்க மாமியால்லா ஊரெல்லாம் சொல்லிட்டு வாறாவ. அவுவ மவன் வாசல்ல உக்காந்திருக்கத எல்லாரும் பாக்காவ. வந்து கையப் புடிச்சுட்டு அழுதா நான் என்னத்தச் சொல்லட்டும்? நீங்க போய் அவுவகிட்டச் சொல்லுங்க. நான் கயித்த அத்துப் போட்டுருதேன்."

வனத்துறைக்குப் போன் போட்டிருக்கலாம். போட்டால் பிச்சைக்கண்ணுவைப் பிடிப்பார்கள், அவன் முப்பிடாதியைக் கைகாட்டுவான். வீட்டுக்குத் திரும்பினாள். முப்பிடாதி மகனுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தான். அவர்களைப் பார்த்தபின் வாயைத் திறக்க அவளுக்கு மனம் வரவில்லை. யாருக்குத்தான் வரும்?

ஆவணி பிறந்த சில நாளில் இசக்கிமுருகன் செத்துப்போனான். காலையில் காப்பி கேட்டான். கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கலைச்செல்வி அதை நிறுத்தக் கை வராமல் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கிரஷரிலிருந்து மாலை வந்தது. ஆள் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறின பிறகு, மேலத்தெரு சித்ரலேகா வந்தாள். அவள் புருஷனும் அதே கிரஷர்தான். துக்கம் கேட்டு முடித்துவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தாள். பிறகு முப்பிடாதியின் பக்கம் நகர்ந்து கேட்டாள்.

"பெரியம்மா, தப்பா எடுத்துக்கிடாதிய. அந்த சூப்பு எப்பிடி வைக்கணும்? அவுவளுக்கு இப்பத்தான் மூச்சு வாங்க ஆரம்பிச்சிருக்கு."

மகன் செத்ததும் அந்த வைத்தியத்தின் மேலுள்ள நம்பிக்கையும் செத்திருக்கும் என்று கலைச்செல்வி நினைத்திருந்தாள். அப்படி நினைத்தது அவளுடைய படிப்பு. முப்பிடாதி சித்ரலேகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆரம்பத்துலயே குடுத்துரு தாயி. நான் பிந்திக் குடுத்தேன், அதான் எம்புள்ள போயிட்டான். ஒண்ணோட நிறுத்தாத. கோயிலுக்குப் பின்னால தாழம்புதர்ல ஒரு சோடி இருக்கு. பிச்சைக்கண்ணுட்ட நான் சொன்னேம்னு சொல்லு."

அந்தச் சோடி அப்போது கூட்டில் குஞ்சு வைத்திருந்தது. முந்தின நாள்கூடக் கலைச்செல்வி பார்த்திருந்தாள். ஆண் பறவை அலகில் ஓணானைக் கவ்விக்கொண்டு புதருக்குள் நுழைந்தது. அந்த எல்லைக்குள் அதுதான் கடைசி. உலகத்துக்குக் கவலை இல்லாமல் இருக்கலாம். அவளுக்கு இருந்தது. சித்ரலேகாவின் புருஷனை நினைத்தும் இருந்தது. இப்போதே பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனால் இன்னும் சில வருடம் இழுத்துப்பிடிக்கலாம். சூப்பை நம்பி வீட்டில் வைத்திருந்தால் அதுவும் போய்விடும். செத்தவனுக்குக் கொடுத்த வாக்கு நெஞ்சில் குத்தியது. குத்தினாலும் சொல்லிவிட்டாள்.

"அத்தை, நான் அவருக்குச் செம்போத்தே குடுக்கல. அது காடை. ஸ்ரீவைகுண்டத்துல வாங்கினேன். அவர் எழுந்து உக்காந்தது மாத்திரையால. சித்ரா, நீ அவரை நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நானும் கூட வாரேன்."

முப்பிடாதி அவளைப் பார்த்தாள். கோபம் வரும், கூப்பாடு போடுவாள் என்று எதிர்பார்த்து நின்றாள் கலைச்செல்வி. அப்படி ஒன்றும் வரவில்லை. கிழவியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

"அப்ப எம்மவனுக்கு மருந்தே குடுக்கலையா நீ?"

"அது மருந்து இல்ல அத்தை."

"குடுத்துப் பாத்திருந்தால்லா தெரியும்."

சித்ரலேகா எழுந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படி இறங்கினாள். ஆஸ்பத்திரிக்கு பஸ் நிற்கிற பக்கம் திரும்பவில்லை. பிச்சைக்கண்ணு வீட்டுப் பக்கம் போனாள். போகப்போக நடை ஓட்டமானது. அவளுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. நிஜத்தைக் கொடுக்காததால்தான் இசக்கிமுருகன் செத்தான் என்று இப்போது அவளே இரண்டு காதாலும் கேட்டுவிட்டாளே.

கலைச்செல்வி பின்னாலேயே ஓடியிருப்பாள். முப்பிடாதி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவனுக்குத் தெரியுமா, அது காடைன்னு?"

கலைச்செல்விக்கு அந்தச் சிரிப்பு நினைவு வந்தது. நல்லா இருக்கும்மா என்று கொல்லைப்பக்கம் பார்த்துச் சொன்ன குரலும் நினைவு வந்தது. தெரியும் என்று சொன்னால் அந்தக் குரலும் பொய்யாகிவிடும். கிழவியிடம் மகனென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

"தெரியாது அத்தை" என்றாள்.

முப்பிடாதி கையை விட்டாள்.

"அப்ப ஒன்ன நம்பித்தான் குடிச்சிருக்கான் எம்புள்ள" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.