நாற்பதடிப் படகில் அவர் படுக்கும் இடம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு விளம்பரப் புத்தகத்திலிருந்து கிடைத்தது. எட்டே பக்கம். வழவழப்பான தாள், இத்தாலிய எழுத்து, அடியில் பொடியாக ஆங்கிலம். 1984இல் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்க ஆபீசில் நான் படம் வரைபவனாக இருந்தேன். அங்கே தண்ணீர் எடுத்து வைக்கும் உண்ணாமலைதான் அதைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள்.

'ஒரு காலத்தில் இந்தச் சுண்ணாம்புப் பூமியில் கடல்' என்று தொடங்கிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். அந்தக் கடல் உண்ணாமலைக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒரே ஒரு படகு.

2

அவள் கணவன் தர்மராஜ் விக்கிரமங்கலத்துக்காரன். தச்சு வேலைக்கென்று துபாய் போனவனை, மூன்று வருடம் கழித்து, ஒரு முதலாளியின் உல்லாசப் படகைத் துடைத்துக் காவல் காக்கும் வேலையில் போட்டிருந்தார்கள். 'படகுலயே தங்கிக்கிறேன். ஏசி, மெத்தை எல்லாம் இருக்கு. கவலைப்படாதே' என்று எழுதி, கூடவே அந்தப் புத்தகத்தையும் அனுப்பியிருந்தான்.

(இந்த இடத்தில் உண்ணாமலையை அழகாக வர்ணித்து ஒரு பத்தி இருந்தது. அவள் அப்படி இல்லை. குள்ளம், பேச்சும் குறைவு. சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்வாள்.)

3

மதியச் சாப்பாட்டு வேளையில், புத்தகத்திலிருந்த வரைபடத்தைக் காட்டி அவளுக்குப் பக்கம் பக்கமாகச் சொன்னேன். எக்ஸ்பிரஸ் குரூசர் என்று பெயர். வேகமாகப் போய் வேகமாகத் திரும்புவதற்கென்று செய்த படகு. நாற்பதடி நீளம், பதின்மூன்றடி அகலம். அலையைக் கிழித்துப்போக அடிப்பாகம் கூராக இருக்கும். பின்புறம் தளத்துக்கடியில் இரண்டு டீசல் என்ஜின். அதற்கும் பின்னால், கடலில் இறங்கிக் குளிக்க ஒரு மரப்பலகை. முன்புறம் மேல்தளத்தில் வெயில் காய மெத்தை.

"வெயில்ல படுக்கிறதுக்கு மெத்தையா?" வாயைப் பொத்திக்கொண்டாள். "நம்மூருக்கு வந்தா சும்மாவே படுக்கலாமே சார்."

படியிறங்கினால் சமையலிடம். படகு ஆடும்போது பாத்திரம் வழுக்கி விழாமலிருக்க அடுப்பைச் சுற்றிக் கம்பி. அது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "சமைக்கத் தெரிஞ்ச எவனோதான் யோசிச்சிருக்கான்."

மூக்குப் பக்கம் முக்கோணமாக ஒரு படுக்கையறை, முதலாளிக்கு. நடுவில் தாழ்ந்த கூரையோடு இன்னொன்று, விருந்தாளிக்கு.

"இவரு படுக்கிற எடம் எது சார்?"

தேடினேன். வேலையாளுக்கென்று அந்த வரைபடத்தில் ஓர் இடமும் இல்லை.

4

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம், ஆனால் (இந்த வாக்கியத்தை இத்தனை வருடத்தில் என்னால் முடிக்க முடியவில்லை.)

அடுப்புக்கு எதிரே இருந்த சோபாவைக் காட்டினேன். "மேசைய எறக்கிட்டா இது கட்டிலாயிடும்." அச்சில் இருந்ததுதான்.

அவள் என் அளவுகோலை எடுத்தாள். "இதுல ஒரு அங்குலம்னா நெசத்துல எவ்வளவு?"

"நாலடி."

சோபாவின்மேல் வைத்துப் பார்த்தாள். ஒன்றேகால் அங்குலம். "அஞ்சடி. அவரு ஆறடி சார். எங்கூட்டு வாசநெல தலையில இடிக்கும் அவருக்கு."

"கால மடக்கிக்குவாரு" என்றேன்.

அளவுகோலைத் திரும்ப மேசைமேல் வைத்தாள். பிறகு, "இதப் பத்தி ஒண்ணும் கேட்டு எழுதாதீங்க சார். நான் எங்க படுக்கிறேன்னு அவரும் கேப்பாரு" என்றாள்.

அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கொழுந்தனும் அவன் மனைவியும் அவளை வீட்டைவிட்டு அனுப்பி ஏழு மாதமாகியிருந்தது. ஆபீசுக்குப் பின்னால், துளைபோடும் கம்பிகளும் கயிறும் கிடக்கும் தகரக் கொட்டகையில்தான் படுத்துக்கொண்டிருந்தாள். ஐந்து மணி பஸ்ஸில் டவுனுக்குப் போய்விடும் நான் இதைக் கவனிக்கவே இல்லை. கடிதங்களில் மட்டும் அவள் மாமியார் வீட்டில் சௌக்கியமாக இருந்தாள். தபால் சீக்கிரம் கிடைக்கும் என்று சொல்லி ஆபீஸ் விலாசத்தைக் கொடுத்திருந்தாள். அந்தக் கடிதங்களை அவளுக்கு எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

5

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். தர்மராஜ் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிறான்: பெட்டி நிஜமாக வந்தது, லீவில் ஊருக்கு வந்த யாரோ ஒருவர் கையில்; அவன் வரவில்லை. அவனிடமிருந்து கடிதமே நின்றுபோகிறது: அது எனக்குத்தான் சௌகரியம், அவளுக்கு அல்ல.

நடந்தது இதுதான். அடுத்த கடிதத்துக்கு மழையைப் பற்றிச் சொன்னாள். படகு நன்றாக இருக்கிறது, அடுப்புக்குக் கம்பி போட்டது ரொம்ப நல்லது என்று எழுதச் சொன்னாள். "கடைசியா ஒரு வரி எழுதுங்க சார்" என்றவள், வாயைத் திறந்து மூடினாள். "வேணாம்." குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நானாக எதையும் சேர்க்கவில்லை. கீழே நாலு விரற்கடை வெறுந்தாளோடு ஒட்டி அனுப்பினேன்.

6

இருபத்தைந்தாம் நாள் பதில் வந்தது. படித்துக் காட்டினேன். சௌக்கியம், ஏசி, மெத்தை. அதற்கும் கீழே: 'உன் காயிதத்துல அடியில எடம் உட்டிருக்கு. நீ ஒரு நாளும் எடம் உடமாட்டியே. என்ன சொல்ல வந்தே?'

"அத இன்னொருக்கா படிங்க."

படித்தேன்.

அந்த ஆபீசில் ஒருநாளும் உட்கார்ந்திராதவள், ஸ்டூலை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"எழுதுங்க சார்."

எழுதினேன். இரண்டு பக்கமும் நிரம்பி, ஓரத்தில் குறுக்காகவும் எழுத வேண்டிவந்தது. ஒரு சொல்லும் எனக்கு மறக்கவில்லை. ஆனால் அது தர்மராஜுக்குச் சொன்னது, இங்கே தரமாட்டேன். அதற்குப் பதில் வருமுன் எனக்கு மாற்றலாகிவிட்டது. அந்தக் கடிதத்தை, அந்த நாற்பதடிப் படகில், அவன் எங்கே உட்கார்ந்து படித்தான் என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.