சட்டைப்பையில் மீன்கொத்தி

சலவைக் கடையின் ஜன்னலோர நாற்காலி வீட்டின் மூத்த மருமகளுடையது. துவைத்தும் போகாத கறை, ஆணி மாட்டிக் கிழிந்த முழங்கை, சிகரெட் பொத்தலிட்ட கால்சட்டை என்று வருவதையெல்லாம் வாங்கி, பழுதான இடத்தில் குறுக்குத் தையலில் ஒரு பூவோ இலையோ வைத்து மூடிவிடுவாள். கடை மாமனாருடையது, கல்லா மாமனாருடையது, ஓயாத வாயும் அவருடையதுதான். "எங்க மூத்தவ கை பட்டா கந்தலும் பட்டாயிடும்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

கொழுந்தனுக்குக் கல்யாணமாகிச் சின்னவள் வந்து சேர்ந்தாள். அவளுக்கும் குறுக்குத் தையல் வரும் என்று தெரிந்தபோது, கூடமாட ஒரு கை ஆயிற்று என்றுதான் மூத்தவள் நினைத்தாள். ஆனால் சின்னவள் பூவோடு நிற்கிற ஆளா? சட்டைப்பையிலிருந்து பூனைக்குட்டி எட்டிப் பார்ப்பது போலத் தைத்தாள். கால்சட்டை முழங்காலில் தவளையை உட்கார வைத்தாள். பிறகென்ன, துணியை நீட்டும்போதே, அந்தப் புதுப் பெண் இல்லையா என்று எல்லோரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். முன்னே வந்த காதைவிடப் பின்னே வந்த கொம்பு உசத்தியாகிவிட்டது.

மாமனாரின் வாயும் மெல்லச் சின்னவள் பக்கம் சாய்ந்தது. இஸ்திரிக்கு ஆள் போதவில்லை, மூத்தவள் தேய்ப்பு மேசைக்குப் போனால் என்ன என்று ஒரு நாள் சாப்பிடும்போது பேச்சை எடுத்தார். பள்ளித் தலைமை ஆசிரியர் கொடுத்துவிட்டுப் போன சட்டையைச் சின்னவள் தைக்கட்டும், அவர் சொல்வதைப் பார்த்து நாற்காலி யாருக்கு என்று முடிவு செய்யலாம் என்றார்.

மூத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷனிடம் சொன்னாள். நாற்காலிதானே என்று அவன் கொட்டாவி விட்டான். அவனுக்கு என்ன வந்தது? பகல் முழுக்க ஆவியில் நின்று வேகலாம், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எதிரே சின்னவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே வேக வேண்டுமே, அதுதான் பொறுக்கவில்லை.

தலைமை ஆசிரியரின் வெளிர்நீலச் சட்டைப்பையில் பேனா மை கக்கியிருந்தது. சின்னவள் அதன்மேல் ஒரு மீன்கொத்தியைத் தைத்து, தேய்க்கச் சொல்லி மூத்தவளிடம் கொடுத்துவிட்டுப் பல் வைத்தியரிடம் போய்விட்டாள். ஆசிரியர் மாலையில் வருவார். மாமனார் பின்னறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மூத்தவள் சட்டைப்பையைப் புரட்டிப் பார்த்தாள். வேலை தெரியாதவளின் குட்டு பின்பக்கத்தில் வெளிப்பட்டுவிடும். முடிச்சு இருக்கும், நூல் தொங்கும். இங்கே ஒன்றுமில்லை. பின்பக்கமும் துடைத்து வைத்தது போல இருந்தது. நூலை எங்கே தொடங்கினாள், எங்கே முடித்தாள்? வயிறு எரிந்தது. பார்க்கத்தான், பார்க்க மட்டும்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஊசிமுனையால் ஒரு நூலை நெம்பினாள். அசையவில்லை. கத்தரியால் ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள். இறக்கை போயிற்று, கழுத்து போயிற்று. நூல் நிற்கவில்லை என்பதைவிடக் கை நிற்கவில்லை என்பதுதான் உண்மை. சுயநினைவு வந்தபோது அலகு மட்டும் மிச்சம். மடி நிறைய நீல நூல் குப்பை. மைக்கறை அவளைப் பார்த்துப் பல்லிளித்தது.

அப்புறம்தான் பயம் பிடித்தது. சட்டைத் துணியில் எண்ணித் தைக்கக் கட்டம் கிடையாது. மேலே வலைத்துணியை வைத்து ஓட்டுத்தையல் போட்டு, வலையின் கட்டங்களைப் பிடித்துத் தைத்து, கடைசியில் ஈரம் காட்டி வலையின் இழைகளை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். அத்தனையும் மறுபடி செய்தாக வேண்டும். சின்னவளின் ஊசி போட்ட துளைகள் துணியில் அப்படியே இருந்தன. அவற்றிலேயே மூத்தவளின் ஊசி இறங்கி ஏறியது. அவள் அவ்வளவு வேகமாக என்றுமே தைத்ததில்லை, அவ்வளவு நன்றாகவும் தைத்ததில்லை. கண்ணுக்குச் சின்னவள் வெறும் கறுப்பு வைத்திருந்தாள். அது இவளுக்குப் பிடிக்கவில்லை. உயிர் போகிற அவசரத்திலும் பழுப்பு நூலை ஒற்றை இழையாகப் பிரித்துக் கறுப்பைச் சுற்றி ஓட்டி, ஓரத்தில் வெள்ளையில் ஒரு பொட்டு வைத்தாள். பறவை விழித்துக்கொண்டது.

இழைகளை உருவித் தேய்த்து முடிக்கவும் தலைமை ஆசிரியர் படியேறவும் சரியாக இருந்தது. பின்னாலேயே சின்னவளும் வீங்கிய கன்னத்தோடு வந்தாள். சத்தம் கேட்டு மாமனாரும் எழுந்து வந்தார்.

ஆசிரியர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "இந்தக் கண்ணு இருக்கே, நம்மளையே பாக்குது" என்றார். வீட்டுக்காரியின் கம்பளிச் சட்டைக்கும் இதே பறவை, இதே கண்ணோடு வேண்டும் என்று துணிப்பையிலிருந்து அதை எடுத்து வைத்தார். மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் எங்கள் சின்னவள் கை என்று பூரித்து, நாளையிலிருந்து ஜன்னலோரம் அவளுக்குத்தான் என்று அங்கேயே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

மூத்தவள் திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றாள். பாராட்டு மொத்தமும் அவளுடையது. வாயைத் திறந்தால் கத்தரி வைத்த கதையும் கூடவே வெளியே வரும்.

சின்னவள் சட்டையை மடிக்க எடுத்தவள் அப்படியே நின்றாள். குறுக்குத் தையலில் பெருக்கல் குறிபோல விழும் இரண்டு இழைகளில் மேல் இழையை அவள் இடப்பக்கம் சாய்ப்பாள், மூத்தவள் வலப்பக்கம். தைக்கிறவர்களைத் தவிர வேறு யார் அதைக் கவனிக்கப் போகிறார்கள்? மெல்ல மூத்தவள் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, இது நான் தச்சது இல்லையே. மாமாகிட்ட சொல்லிடவா?"

மிரட்டலா, உபகாரமா என்று மூத்தவளுக்குப் புரியவில்லை. மாமனார் என்ன சங்கதி என்று திரும்பினார்.

"ஒண்ணுமில்ல மாமா. நீ ரொம்ப நல்லா தச்சிருக்கன்னு அவகிட்ட சொல்லிட்டிருந்தேன்" என்றாள் மூத்தவள்.

மறுநாள் சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூத்தவள் எதிரே ஆவியில் நின்றாள். கம்பளிச் சட்டையில் அலகு வந்தது, கழுத்து வந்தது, இறக்கை வந்தது. கண்ணுக்கு வந்ததும் ஊசி நின்றுவிட்டது. சின்னவள் தைத்தாள், பிரித்தாள், மறுபடி தைத்தாள். மத்தியானம் வரை முட்டி மோதிப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். அவள் முகத்தில் இருந்தது நேற்றுத் தன் வயிற்றில் எரிந்ததுதான் என்று மூத்தவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அக்கா, அந்தக் கண்ண எப்படித் தச்சீங்க?"

மூத்தவள் ஒரு சட்டையின் முழுக்கையை இழுத்து விரித்து, தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினாள்.

"அது நீ தச்சதுதானே? என்னைக் கேட்டா எனக்கு எப்படித் தெரியும்?"