முப்பத்தொன்பது குழிகள்

சமையலறைக் குழாயைத் தம்பி நான்காவது முறையாகக் கழற்றிப் போட்டிருந்தான். அதில் ஒரு கோளாறும் இல்லை. வாஷர் புதிது, திருகு புதிது, சொட்டு என்ற பேச்சே கிடையாது. இருந்தாலும் வாரத்துக்கு ஒரு நாள் காலையில் அக்கா வீட்டுக்கு வந்து, தொட்டிக்கு அடியில் தலையைக் கொடுத்துப் படுத்துக்கொண்டு, "உள்ள லேசா ஒரு சத்தம் கேக்குது" என்பான். நகராட்சியின் குழாய் ஃபிட்டர் அவன். இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கு அடியில் எது எங்கே ஓடுகிறது என்று அவனைக் கேட்டுத்தான் இஞ்சினியரே சொல்வார். ஆறு மாதமாக வேலைக்குப் போகவில்லை. போகக் கூடாது என்று உத்தரவு. அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டவள் இதே அக்காதான். அவள் நகர்மன்றத் தலைவர்.

"போதும்டா, மாட்டி விடு. உன்னைக் கண்டாலே குழாய் நடுங்குது."

"நடுங்கட்டும். பயம் இருந்தாத்தான் சொட்டாம இருக்கும்."

நடந்தது இவ்வளவுதான். பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் ஒரு முற்பகலில் குழாய் உடைந்தது. அடியில் ஓடும் குழாய் ஊருடையது. மேலே கிடக்கும் தார்ச் சாலை மாநில அரசுடையது. தோண்ட வேண்டுமென்றால் சாலைத் துறைக்கு விண்ணப்பம் போட வேண்டும். பதில் வர நாற்பது நாள் ஆகும், அதுவும் அதிகாரி ஊரில் இருந்தால். உள்ளே பிள்ளை பெற்ற பதினொரு பெண்கள், கை கழுவத் தண்ணீர் இல்லாத ஒரு டாக்டர். தம்பி விண்ணப்பத்தை ஒழுங்காக எழுதி அலுவலகத்தில் கொடுத்தான். திரும்பி வந்து கடப்பாரையை எடுத்தான். ஒரு மணிக்கெல்லாம் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு மணிக்குச் சாலைத் துறை ஆள் வந்து குழியைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அரசு உடைமைக்குச் சேதம் என்று வழக்கு. வழக்கு உள்ளவர் நகராட்சி வேலையில் இருக்கக் கூடாது என்று விதி. தலைவர் விதிப்படி கையெழுத்துப் போட்டாள்.

அவனைக் கூட்டிப்போக அவன் மனைவி வந்தாள். வாசலிலேயே செருப்போடு நின்றுகொண்டாள்.

"என்ன அண்ணி, ஏழு ஊருக்கும் சேர்த்துச் சட்டம் எழுதக் கெளம்பிட்டீங்களாம். நம்ம வீட்டுக்கும் அரை வரி எழுதிட்டு வாங்களேன்."

"அடியே, கூட்டத்துக்குப் போற நேரத்துல ஆரம்பிக்காத."

"நான் என்ன ஆரம்பிச்சேன்? இவரு வீட்ல இருக்காரு, சந்தோஷம்தான். நேத்து என் தையல் மிஷினைப் பிரிச்சு எண்ணெய் போட்டாரு. இன்னைக்கு மிச்சம் மூணு திருகு கையில இருக்கு, எதோடதுன்னு தெரியல. அரை வரி அண்ணி. அவ்வளவுதான் கேட்டேன்."

தம்பி தொட்டிக்கு அடியிலிருந்து, "அந்த மூணும் தேவையே இல்லாத திருகுடி" என்றான்.

அந்த அரை வரி என்னவென்று தலைவருக்கு நன்றாகத் தெரியும். துறைமுக ஊருக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே மென்றுகொண்டிருந்தாள்.

ஆற்றை ஒட்டிய ஏழு ஊர்களுக்கும் ஒரு கூட்டமைப்பு உண்டு. தனியாகப் போய் நின்றால் சட்டமன்றத்தில் யாரும் நாற்காலிகூடக் கொடுக்க மாட்டார்கள் என்று பதினாறு வருஷத்துக்கு முன் தொடங்கியது. சாலைச் சட்டத்தை மாநிலம் இப்போது திருத்துகிறது. மசோதா ஆய்வுக் குழுவில் இருக்கிறது. அதில் தங்களுக்காக ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்லிக் கேட்பதாக ஏழு ஊரும் முடிவு செய்திருந்தன. ஒரே ஒரு வாக்கியம். அது கூட்டமைப்பின் செயலாளர் வகுத்த முறை. ஒல்லியான மனிதர், எல்லா ஊர்த் தலைவர்களும் அவருக்கு வைத்திருந்த பெயர் ஒத்தை வாக்கியம். "ரெண்டு கேட்டா ரெண்டும் போயிடும். ஒண்ணு கேட்டா வெக்கப்பட்டுக் குடுத்துடுவாங்க" என்பார். இதுவரை நாலு சட்டங்களில் நாலு வாக்கியங்கள் அவர் புண்ணியத்தில் ஏறியிருக்கின்றன.

இந்த முறை வாக்கியம் இது: குழாய் உடைந்தால் நகராட்சி உடனே தோண்டிச் சரிசெய்துவிட்டு, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் சாலைத் துறைக்குத் தெரிவித்தால் போதும்.

நல்ல வாக்கியம்தான். ஆனால் இனிமேல் தோண்டுகிறவனுக்குத்தான் அது உதவும். ஏற்கெனவே தோண்டியவனுக்கு இன்னொரு அரை வரி வேண்டும். அதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவன் யாரோ ஒருவனாக இருந்திருந்தால் முதல் நாளே மேஜையைத் தட்டிப் பேசியிருப்பாள். தம்பி என்பதால்தான் தயங்கினாள். தம்பியைக் காப்பாற்ற ஏழு ஊரைக் கூட்டிக்கொண்டு சட்டமன்றம் வரை போனாள் என்று நாளைக்கு ஒரு வாய் சொல்லும். அந்த வாய் அவள் வார்டிலேயே இருந்தது.

கூட்டம் துறைமுக ஊர் தீயணைப்பு நிலையத்தின் மாடியில் நடந்தது. உயரம் சரியில்லாத இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். இணைப்பில் டம்ளர் வைத்தவர்கள் எல்லாரும் ஒரு தடவை மேல்சட்டையை நனைத்துக்கொண்டார்கள். கூட்டமைப்பில் இன்னொரு வழக்கமும் உண்டு. பேச்சைச் சின்ன ஊர்தான் தொடங்கும். பெரிய ஊர் மேயர் கடைசியில்தான் வாயைத் திறக்க வேண்டும். அவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள் என்று பழைய அனுபவம். ஆகவே செயலாளர் வாக்கியத்தைப் படித்து முடித்ததும் ஏழு ஊரிலும் சின்ன ஊர்க்காரியான அவளைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா. சம்மதம்னு எழுதிக்கட்டுமா?"

"சம்மதம்" என்றாள். அவர் எழுதினார். அடுத்த ஊர்ப் பக்கம் திரும்பினார்.

"ஒரு நிமிஷம்" என்று அவள் குரல் கேட்டது. அவளுக்கே அது வேறு யாரோ பேசியதுபோல இருந்தது. "எங்க ஊர்ல ஒருத்தன் ஏற்கெனவே தோண்டிட்டான். அனுமதி இல்லாம. அவன் மேல வழக்கு இருக்கு. அவனுக்கும் சேர்த்து அரை வரி கேக்கலாமான்னு..." மூச்சு வாங்கினாள். "அவன் என் கூடப்பொறந்த தம்பி. அதையும் சொல்லிடுறேன். அப்புறமா தெரிஞ்சா நல்லா இருக்காது."

கீழே தீயணைப்பு வண்டியை யாரோ கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் மட்டும் மேலே வந்தது. சந்தை ஊர்த் தலைவர் தன் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். செயலாளர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். அது அவர் மறுக்கப்போகும் அடையாளம்.

"எங்க ஊர்ல மூணு பேர்" என்றார் சந்தை ஊர்க்காரர், மேஜையைப் பார்த்தபடி.

"என்ன மூணு பேர்?"

"தோண்டினவங்கதான். வழக்கு இருக்கு. வெளிய சொல்லல. லீவுல இருக்கறதா எழுதி வெச்சிருக்கோம்."

மில் ஊர்த் தலைவர் பெருமூச்சு விட்டார். பருத்த மனிதர், அவர் மூச்சுக்குக் காகிதம் பறந்தது. "எங்க ஊர்ப் பூங்கா ஏன் அவ்வளவு பச்சையா இருக்குன்னு எல்லாரும் கேட்டீங்களே. ஆறு ஃபிட்டர் அங்க செடிக்குத் தண்ணி ஊத்துறான். வேற எங்க மறைக்கிறது?"

அதன் பிறகு வரிசை முறையெல்லாம் போயிற்று. துறைமுக ஊர் ஐந்து. அக்கரை ஊர் நாலு, கோட்டை ஊர் மூன்று. ஒவ்வொரு ஊரும் தனக்கு மட்டுமே நேர்ந்த அவமானம் என்று நினைத்து இத்தனை நாள் மற்ற ஆறு ஊரிடமும் அதை மூடி மூடி வைத்திருந்தது. சாலைத் துறையைப் பற்றி வருஷக்கணக்காக ஒன்றாக உட்கார்ந்து திட்டியவர்கள், இதை மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

எல்லாரும் பெரிய ஊர் மேயரைப் பார்த்தார்கள். அவர் கடைசி ஆள். மெதுவாகப் பேசுகிறவர்.

"பதினேழு" என்றார். "வாக்காளர் பட்டியல் சரிபாக்குறாங்க. ரொம்ப நல்லா பாக்குறாங்க. ஒரு செத்த ஓட்டு தப்பிக்க முடியல."

முதலில் சிரித்தது அவள்தான். சிரித்துக்கொண்டே அவளுக்குக் கோபமும் வந்தது. "அப்ப வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்துப் போட்ட முட்டாள் நான் ஒருத்திதானா?"

"நீங்க விதிப்படி போயிட்டீங்கம்மா" என்றார் மில் ஊர்க்காரர். "உங்க ஊர்ல பெரிய பூங்கா வேற இல்ல."

செயலாளர் கூட்டிப் பார்த்தார். முப்பத்தொன்பது. அந்த எண்ணைக் கண்டதும் பேனாவைக் கீழே வைத்தார். "இதைக் குழுவுக்கு எழுதிக் குடுக்கணும்னா பேர் பேரா குடுக்கணும். மறைச்சு வெச்சதும் சேர்ந்து வெளிய வரும். உங்க ஏழு பேரையும் பிடிச்சுக் கேப்பாங்க. இருந்த ஒரு வாக்கியமும் போகலாம்."

அதுதான் உண்மையான பேச்சு. சாப்பாட்டு நேரம் தாண்டியும் நடந்தது. அவள் இரண்டு முறை, "என் தம்பிக்காக நீங்க மாட்டிக்க வேண்டாம், விட்டுடலாம்" என்றாள். இரண்டாவது முறை சொன்னபோது பெரிய ஊர் மேயர் தலையை நிமிர்த்தினார்.

"உங்க தம்பி ஒருத்தர்னா அது உங்க வீட்டுக் கதைம்மா. முப்பத்தொன்பது பேர்னா அது ஆத்துத் தண்ணி குடிக்கிற எல்லா ஊரோட வேலைமுறை. ஏழு ஊரும் ஒரே நாள்ல, ஒரே தாள்ல எழுதிக் குடுப்போம். யாரைன்னு பிடிப்பாங்க?" பிறகு செயலாளரிடம், "ஐயா, எப்படியாவது ஒரே வாக்கியமா ஆக்கிடுங்க. மூச்சு முட்டினாலும் பரவாயில்ல" என்றார்.

செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து, தலைநகரில் ஆய்வுக் குழுவின் முன் ஏழு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். பதினைந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். குழுத் தலைவி வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டிய பெண்மணி. பட்டியலை விரல் வைத்து மேலிருந்து கீழே படித்தார். ஒரு பெயரையும் விடவில்லை.

"குத்தத்தை ஒத்துக்கிட்டு இத்தனை பேர் ஒண்ணா வந்து நான் பாத்ததில்ல. இந்தப் பட்டியல்ல உங்களுக்கு வேண்டியவங்க யாராவது இருக்காங்களா?"

மற்ற ஆறு பேரும் நேராகப் பார்த்தார்கள். தலைவர் எழுந்து நின்றாள். நிற்க வேண்டியதில்லை, கால் தானாக எழுந்துவிட்டது.

"முதல் பேர் என் தம்பிங்க."

"ஓ." குழுத் தலைவி அந்தப் பெயரை மறுபடி பார்த்தார். "அவர் போட்ட ஜாயிண்ட் எப்படி இருக்கு?"

"ஏழு மாசம் ஆச்சுங்க. ஒரு சொட்டு இல்ல. அதுக்கு மேல சாலைத் துறை போட்ட தார்தான் உள்ள எறங்கிடுச்சு."

குழுவில் யாரோ இருமினார்கள். சாலைத் துறை அதிகாரி தன் காகிதங்களை அடுக்கினார். குழுத் தலைவி மசோதாவின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று ஏழு பேரும் கழுத்தை நீட்டினார்கள், யாருக்கும் தெரியவில்லை. "அடுத்த மாசம் சபைக்குப் போகும். பாக்கலாம்" என்றார்.

திரும்பும்போது வேனில் அந்த "பாக்கலாம்" என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். கோட்டை ஊர்க்காரர் அதை நம்பிக்கையாகச் சொன்னார். சந்தை ஊர்க்காரர் சொன்னபோது கதவை மூடியதுபோல இருந்தது. செயலாளர் மட்டும், "பென்சில் நல்லது. பேனான்னா நமக்கு எதிரா இருந்திருக்கும்" என்றார். அவளுக்கு அவர்கள் நடுவில் உட்கார்ந்திருப்பதே போதுமானதாக இருந்தது. எது நடந்தாலும், தம்பியின் பெயருக்குக் கீழே இன்னும் முப்பத்தெட்டுப் பெயர்கள் இருந்தன.

மில் ஊர் எல்லையில் வேன் நின்றது. சாலையின் பாதியை மறித்து ஒரு சிவப்புத் துணி, ஒரு மண்மேடு, பக்கத்தில் குடங்களோடு நாலைந்து பெண்கள். மில் ஊர்த் தலைவர் கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"உங்க பூங்கா ஆளா?" என்றார் பெரிய ஊர் மேயர்.

"மீசையைப் பாத்தா அவருதான்."

"பட்டியல் குடுத்து மூணு மணி நேரம்கூட ஆகல" என்று செயலாளர் முனகினார்.

ஏழு பேரும் இறங்கிப் போய்க் குழியைச் சுற்றி நின்றார்கள். உள்ளே இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில், நரைத்த மீசைக்காரர் ஒருவர் இரண்டு கையாலும் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே பார்த்தார், தன் ஊர்த் தலைவரைக் கண்டதும் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். விட்டால் பீச்சும். விடவில்லை.

"பழைய இரும்புக் குழாய்ங்க. நம்ம காலத்துக்கு முன்னாடி போட்டது. உடைப்பைக் கவ்வுற எந்தப் பூட்டும் உக்காரல. நாலு வருஷமா செடிக்கு ஊத்திக் கையே மறந்துபோச்சு."

தலைவர் போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே தம்பி எடுத்தான். பின்னால் எதையோ தட்டும் சத்தம். அவன் மனைவி ஏதோ கத்திக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, என்ன சொன்னாங்க?"

"அதை விடு. பழைய இரும்புக் குழாய், பூட்டு உக்கார மாட்டேங்குதாம். ஒருத்தர் குழிக்குள்ள நிக்கிறாரு."

தட்டும் சத்தம் நின்றது. அவன் குரல் மாறியது. ஏழு மாதமாக அவள் கேட்காத குரல். "போனைக் கீழ குடு. அண்ணே, அதை இறுக்காதீங்க, வெடிச்சிடும். மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. தண்ணி எங்கேருந்து பீச்சுது? ஆத்துப் பக்கமா, ஊர்ப் பக்கமா?"

மண்மேட்டில் மண்டியிட்டு அவள் கையை எட்டினமட்டும் குழிக்குள் நீட்டியிருந்தாள். போனில் சேறு தெறித்தது. மீசைக்காரர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், பார்க்க முடியாத அவனுக்கு, ஏழு பேரும் ஆற்றுப் பக்கமாகக் கையை நீட்டிக் காட்டினார்கள்.