மயிரிழை குறைந்த டிராகன்

அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தை ஓட்டுபவருக்குத் தெருவில் வைத்த பெயர் கத்திக்காரர். பிசிறில்லாத ஓரம் என்றால் மனிதருக்கு உயிர். கல்யாணப் பத்திரிகை வந்தால் யாருக்குக் கல்யாணம் என்று பார்ப்பதில்லை. ஓரத்தை விரலால் தடவி, "கத்தி மொக்கை" என்று உதட்டைப் பிதுக்குவார்.

இவருக்கு வாய்த்த தங்கச்சி மாப்பிள்ளையோ கார்டுப் பைத்தியம். வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். சம்பளத்தில் பாதி, டிராகனும் பறக்கும் ஆமையும் போட்ட விளையாட்டுக் கார்டாக மாறிவிடும். ஒவ்வொன்றுக்கும் தனி உறை, எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பூட்டு போட்ட பெட்டி. பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் போர்த்தித் தூங்க வைத்திருக்க மாட்டார் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு.

தங்கச்சிக்கு அழகு நிலையம் வைக்க ஆசை. தெருமுனையில் ஓர் அறை காலியானது, அட்வான்ஸுக்குத்தான் வழியில்லை. சமையலறையில் சில நாள் பாத்திரங்கள் உருண்ட பிறகு மாப்பிள்ளை இறங்கி வந்தார். இருப்பதிலேயே விலை உயர்ந்த நீல டிராகனை விற்றுவிடலாம்.

மறுநாள் மாப்பிள்ளை அதிசயமாகக் கத்திக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றார். கார்டை உறையிலிருந்து உருவி மேசைமேல் வைத்தார்.

"இந்த ஓரத்தைப் பாருங்க மச்சான். நீலத்துல வெள்ளை வெள்ளையா பூத்திருக்கு. இதுக்கே விலை பாதியா இறங்கிடும்."

"கலைச்சுக் கலைச்சு ஆடினதா?"

"முன்னாடி வச்சிருந்தவன் ஆடியிருக்கான். ஹூம்... இந்தப் பிசிறு மட்டும் இல்லாம இருந்திருந்தா."

பெருமூச்சு விட்டார். பேச்சு எங்கெங்கோ போனது. கிளம்பும்போது கார்டை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனார். பக்கத்தில் யாராவது தும்மினாலே முறைக்கிற மனுஷன்!

கத்திக்காரருக்குக் கை ஊறியது. தங்கச்சி காரியமாயிற்றே. அச்சகத்துக்குக் கொண்டுபோய், புதுக் கத்தி மாட்டி, கார்டை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து நாலு பக்கமும் மயிரிழை சீவினார். வெள்ளை போன இடம் தெரியவில்லை.

மூவருமாகக் கார்டுக் கடைக்குப் போனார்கள். கடைக்காரி பூதக்கண்ணாடியில் ஓரத்தைப் பார்த்தாள். பிறகு இழுப்பறையிலிருந்து அதே ரகத்தில் இன்னொரு கார்டை எடுத்து, இரண்டையும் சேர்த்து மேசையில் நிறுத்தினாள். ஒன்று குட்டையாக நின்றது.

"யாரோ வெட்டியிருக்காங்க."

"பிசிறைத்தாம்மா எடுத்தேன்," என்றார் கத்திக்காரர்.

"ஓரம் வெளுத்தா விலை குறையும் சார், அவ்வளவுதான். பழசுன்னா அடி படும், யாரும் தப்பா நினைக்கமாட்டாங்க. கத்தி பட்டதை ஒருத்தரும் தொடமாட்டாங்க. குழந்தைங்க விளையாடக் கொடுங்க."

கத்திக்காரருக்கு முகம் செத்துவிட்டது. தங்கச்சியைப் பார்க்கத் தைரியமில்லாமல் மாப்பிள்ளையைப் பார்த்தார். அவரோ காணாமல்போன பிள்ளை கிடைத்த மாதிரி டிராகனை உறைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க மச்சான். நல்லதுக்குத்தானே செஞ்சீங்க."

மன்னிப்பு வந்த வேகம்தான் கத்திக்காரருக்கு இடித்தது. "மாப்ள, வெட்டினா விலை போயிடும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கெப்படி மச்சான்..."

"போன மாசம் நான் காட்டின கார்டை, வெட்டினதுன்னு சொல்லித் திருப்பிக் கொடுத்தது நீங்கதானே சார்?" என்றாள் கடைக்காரி, ரொம்ப அப்பாவியாக.

தங்கச்சி அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, வீட்டுப் பெட்டியில இருக்கிற மத்த கார்டுல நீ எதுலயும் கை வைக்கலையே?"

"சத்தியமா இல்லம்மா."

"ஓரமெல்லாம்?"

"சுத்தமா இருக்கும். மாப்ள காத்துகூடப் படாம வச்சிருக்காரு."

"நாளைக்குப் பெட்டியோட வரேன்," என்றாள் கடைக்காரியிடம்.

"பெட்டியோடவா?" மாப்பிள்ளை டிராகனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அட்வான்ஸுக்கு எத்தனை வேணுமோ அத்தனை. சாவியை எடுங்க."

அழகு நிலையம் அமர்க்களமாக நடக்கிறது. அங்கே நிலைக்கண்ணாடி மூலையில் நீல டிராகன் உறையில்லாமல் செருகியிருக்கிறது. மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்புவதில்லை. கத்திக்காரர் மட்டும் வரும்போதெல்லாம் யாரும் பார்க்காத நேரமாக அதன் ஓரத்தைத் தடவிப் பார்க்கிறார். என்ன இருந்தாலும் வெட்டு சுத்தம்.